குடல்வாலா, புள்ளையா?

ராயபுரத்தில் எக்ஸ்ரே வரிசை. எனக்கு முன்னால் ஒரு மாமியாரும் மருமகளும். பந்தாட்டத்தில் உடைந்த விரலை மறந்து காதை நீட்டினேன்.

"குடல்வாலும் வேணாம், நாய்வாலும் வேணாம். படம் புடிச்சா வவுத்துல கீற புள்ளைக்கு ஆவாது," என்றாள் மாமியார்.

நர்ஸ் சொன்னாள்: "பொம்பளைங்களுக்கு அந்த எடத்துல பல நோவு வரும். படம் பாத்தாதான் டாக்டருக்குத் தெரியும். குடல்வால் வெடிச்சா உசுரு போயிடும். எத்தினி நாள் தள்ளிப்போயிருக்கு?"

"நாப்பது," என்றாள் மாமியார்.

வயிற்றின் வலப்பக்கத்தைப் பிடித்துக் குனிந்திருந்த மருமகள் நிமிராமலே சொன்னாள்:

"தள்ளல அத்த. போன வாரந்தான் ஆச்சு. புள்ள இல்லேன்னு நீ ஏசுற ஏச்சு தாங்காம பொய் சொன்னேன்."

மாமியார் நர்ஸிடம் திரும்பினாள்.

"இன்னாம்மா பாத்துகினு நிக்கிற? இட்டுகினு போய் படத்த புடி. ஏச வேண்டியத நான் அப்பால ஏசிக்கிறேன்."