திரையில் தெரியாத பட்டியல்

– கையெழுத்து போட மாட்டேன் தம்பி. காகிதத்த மடிச்சு பையில வைங்க.

– அதாவது மேடம், ஒரு தடவ முழுசாப் படிச்சுக் காட்டிடுறேன். கம்பெனியில அவ்ளோ தூரம் சொல்லி அனுப்பிருக்காங்க.

– ஜன்னலத் திறந்துக்கிட்டுப் படிங்க. எனக்குப் பார்வை இல்லையா, ரூம் இருட்டா இருக்கறதே தெரியாது. வர்றவங்க எல்லாரும் மேசையில இடிச்சுக்கறாங்க.

– நானும் இடிச்சுட்டேன் மேடம். முட்டியில.

– ஐயோ, சொல்லக் கூடாதா? சரி, படிங்க.

– 'உங்கள் நிறுவனத்தின் கோப்பு அனுப்பும் மென்பொருளுக்குள் நான் அனுமதியின்றி நுழைந்தேன். இதைப் பற்றி இனி யாரிடமும் பேச மாட்டேன்.' அவ்ளோதான் மேடம், ரெண்டே வரி.

– ஒரு வரி பொய். இன்னொரு வரி என்னால முடியாது. பதினோரு வருஷமா, டாக்டருங்க பேசிப் பதிஞ்சு அனுப்புறதக் கேட்டு வீட்ல இருந்தே டைப் அடிச்சுக் கொடுக்குறேன். ஆஸ்பத்திரி கொடுத்த பாஸ்வேர்டப் போட்டு, வாசல் வழியா உள்ள போனவ நான். சுவரேறிக் குதிச்ச மாதிரி எழுதிக்கிட்டு வந்திருக்கீங்க.

– ஆனா மத்த ஆஸ்பத்திரி பேரெல்லாம், ஓட்டை இருக்குன்னு நீங்க எங்களுக்கு எழுதின கடிதத்துல இருந்துச்சே? அதாவது, திருடாம அது எப்படித் தெரியும்?

– நான் எழுதின கடிதம் எத்தன வந்துச்சு?

– நாலு.

– நாலுக்கும் பதில் இல்ல. அப்புறம் வக்கீல் நோட்டீஸ் வந்துச்சு. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுறவரு, போகாத செக்போஸ்ட் கிடையாது. அவரே அந்தக் காகிதத்தப் படிச்சுட்டு ரெண்டு நாள் சரியாச் சாப்பிடல.

– நோட்டீஸ் அனுப்பினது நான்தான் மேடம். பாதுகாப்புப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு.

– தெரியும். அந்த நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காருங்க. என் கம்ப்யூட்டர்ல உங்க சாஃப்ட்வேர் திறந்தே இருக்கு. என்ன தெரியுது?

– உங்க ஆஸ்பத்திரி பேர்ல ஒரு ஃபோல்டர்.

– அதுக்குக் கீழ?

– ஒண்ணும் இல்ல. வெறும் வெள்ளை.

– இப்ப ஸ்க்ரீன அணைங்க. ஓரத்துல பட்டன் இருக்கும். அணைச்சாச்சா? இனிமே அந்த அம்மா படிக்கறதக் கேளுங்க.

– எந்த அம்மா?

– கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற அம்மா. கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தத எல்லாம் எனக்கு வாசிச்சுக் காட்டுற குரல். மூச்சு விடாமப் பேசும். உங்களுக்காக வேகத்தக் குறைக்கிறேன்.

– இருங்க... 'கண் மருத்துவமனை'ங்குது. 'பிரசவ ஆஸ்பத்திரி'... 'எலும்பு முறிவு'... இதெல்லாம் ஸ்க்ரீன்ல இல்லியே!

– உங்க கண்ணுக்கு இல்ல. இன்னும் முப்பத்தேழு இருக்கு. எண்ணிட்டேன்.

– அதாவது... மத்தவங்க ஃபோல்டர உங்களுக்கு அனுப்பவே கூடாது. நாங்க அனுப்பிட்டு, மேல மறைச்சு வச்சிருக்கோம்.

– திரைச்சீலையத் தொங்க விட்டுட்டு பூட்டுப் போட்டாச்சுன்னு சொன்னா எப்படி? நோட்டீஸ் வந்த மறுநாள் தெரியாம ஒண்ணு மேல என்டர் தட்டிட்டேன். நோயாளிங்க பேரா வரிசையா வந்து விழுது. எனக்குப் பதிலா ஒரு அயோக்கியன் தட்டிருந்தா?

– பன்னெண்டு பேர் ஆறு மாசம் சோதிச்சாங்க மேடம். ஒருத்தர் கண்ணுலயும் படல.

– எப்படிப் படும்? அவங்க பாத்தாங்க. நான் கேட்டேன்.

– மூணு மாசத்துல புது வெர்ஷன் வருது. அதுல சரி பண்ணிடுறோம். அதுவரைக்கும் நீங்க யார்கிட்டயும்...

– மூணு நாள் கூட முடியாது.

– இப்ப நிறுத்தினா நாப்பத்தோரு ஆஸ்பத்திரியும் எங்களக் கிழிச்சுடும். என் வேலையே போயிடும் மேடம்.

– அந்தப் பட்டியல்ல, மாமியார் வீட்டுக்குத் தெரியாம வைத்தியம் பாக்குற பொண்ணு இருப்பா. பெண்டாட்டிகிட்ட கூடச் சொல்லாம மாத்திரை முழுங்குறவன் இருப்பான். அவங்க என்ன ஆவாங்க? நீங்க படிச்சவரு, நீங்களே முடிவு பண்ணுங்க. நான் போயி தண்ணி கொண்டு வரேன்.

– வேணாம், உக்காருங்க. இங்கயே இருந்து கேளுங்க... ஹலோ, நான்தான். சர்வர நிறுத்து. ஆமாடா, மொத்தமா, இப்பவே. நாப்பத்தோரு ஆஸ்பத்திரிக்கும் உண்மையான காரணத்த எழுதி அனுப்பு. முதலாளி கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு... திருட்டும் இல்ல, மண்ணும் இல்ல. தப்பு நம்மளது. கண்டுபிடிச்சவங்க பேரு அறிக்கையில முதல் வரியிலயே வரணும்... வச்சிடுறேன்.

– அட! என் பேரா?

– உங்க பேருதான். எப்படிப் போடணும் அக்கா?

– மேடம் போயி அக்கா வந்தாச்சா? முழுப் பேரையும் போடுங்க. 'பார்வை இல்லாத நிலையிலும்'னு உருக்கமா எதையாவது சேத்து வைக்காதீங்க. 'ஓட்டையைக் கண்டுபிடித்தவர்'. போதும். என் வீட்டுக்காரர் அதக் கத்தரிச்சு லாரி கண்ணாடியில ஒட்டுவாரு, நிச்சயம்.

– அப்படியே எழுதுறேன். ஆனா அக்கா, மிரட்ட வந்தவன் நான். என்கிட்ட போய் 'நீங்களே முடிவு பண்ணுங்க'ன்னு விட்டீங்களே, நான் நிறுத்தாமப் போயிருந்தா?

– ஒரே ஒரு வார்த்த சொல்லிருப்பேன். அலறி அடிச்சுக்கிட்டு நிறுத்திருப்பீங்க.

– அப்படி என்ன வார்த்த?

– அன்னைக்குத் தெரியாமத் தட்டினேனே, அந்த நோயாளிங்க வரிசையில உங்க பேரும் இருந்துச்சு தம்பி, நோட்டீஸ்ல உங்க பேருக்கு முன்னாடி இருந்த அதே இனிஷியலோட. அதக் கேட்டதும் குரல நிறுத்திட்டேன், அதுக்கு மேல ஒரு எழுத்து கேக்கல. நீங்க வந்து உக்காந்ததுமே அதச் சொல்லிருந்தா, உங்களக் காப்பாத்திக்க நிறுத்திருப்பீங்க. இப்ப முகம் தெரியாத அத்தன பேருக்காகவும் நிறுத்தினீங்க பாருங்க, அந்தப் பெருமை உங்களுக்குக் கிடைக்கட்டும்னுதான் வாயத் திறக்கல.