இருபக்கமும் தலை

கடைக்காரர் கொடுக்கும் சில்லறையைப் பெரும்பாலோர் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதில் தப்பொன்றும் இல்லை, சார். அவர்களுக்குக் காசு என்றால் காசுதான். நான் திருப்பிப் பார்ப்பேன். நாணயச் சாலையில் எந்திரம் ஒரு கணம் தடுமாறினால் அச்சு ஓரமாக விலகி விழும். சில காசு மொட்டையாகவே வெளியே வந்துவிடும். அப்படிப்பட்ட பிழைக் காசுகளைத்தான் சேர்க்கிறேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பது என் வேலை. பகலெல்லாம் பிறர் பார்வைக்கு உழைத்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் எனக்காகக் கொஞ்சம் பார்ப்பேன்.

என் மனைவியின் தம்பிக்கு லேத் பட்டறையில் வேலை. எங்களோடுதான் இருந்தான். சந்தைக்கு வந்து என்னோடு சேர்ந்து பழைய காசுக் குவியலைக் கிளறுவான். "நல்லது ஆயிரம் கெடக்கு, மாமா கெட்டுப்போனதையே தேடுறாரு" என்று அக்காவிடம் கேலி செய்வான். எனக்கும் சிரிப்பு வரும்.

முந்தின வருடம் என் கண்களில் அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டிலும் கட்டு. பார்வை திரும்புமா என்று கேட்டால் மருத்துவர் பேச்சை மாற்றினார். சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மத்தியானம் மச்சினன் கட்டிலோரம் உட்கார்ந்து என் உள்ளங்கையில் ஒரு காசை வைத்தான்.

"தடவிப் பாருங்க மாமா."

தலை. திருப்பினேன். அந்தப் பக்கமும் தலை.

"சில்லறையோட வந்துச்சு. உங்களுக்காகவே தப்பிப் பொறந்திருக்கு."

அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன். பார்வை வந்தபிறகும் அதைப் பூதக்கண்ணாடிக்கடியில் வைக்கவில்லை. வீட்டுப் பிள்ளை கையில் கொடுத்ததைச் சோதித்துப் பார்ப்பது எனக்கு மரியாதையாகப் படவில்லை.

போன மாதம் நாணயம் சேர்ப்போர் கூடினோம். என் மேசையின் நடுவில் அதைத்தான் வைத்தேன். பல் மருத்துவர் ஒருவர் எடுத்து விளிம்பின் உள்பக்கத்தை நகத்தால் வருடினார்.

"ரெண்டு காசைக் கடைஞ்சு ஒண்ணாச் சொருகியிருக்காங்க. லேத் வேலை. சுத்தமா செஞ்சிருக்கான்."

"கண்ணாடிக் கடைக்காரருக்கே கண்ணு தெரியலையா?" என்றார் பக்கத்து மேசைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. "நான்தாங்க அவன்கிட்ட அழுதேன். நீங்க பட்டினி கெடந்தீங்க, எனக்கு வேற வழி தெரியல" என்றாள். ஆக, என் வீட்டிலேயே இரண்டு பேருக்குத் தெரியும். குருடன் நான் ஒருவன்தான். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதற்குக் கத்தி தேவையில்லை, சார்.

விடுமுறையன்று பட்டறைக்குப் போனேன். அவன் மட்டும் இருந்தான். சட்டையைக் கழற்றி வெளியே ஆணியில் மாட்டிவிட்டு, பித்தளைச் சாமான்களைக் கழுவக் கிளம்பிக்கொண்டிருந்தான். அமிலத்தில் கழுவும் அறை பின்னால் இருக்கிறது. சன்னல் கிடையாது. புகையை இழுக்கும் விசிறிக்குச் சுவிட்ச் வெளியே. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. உறிஞ்சும் மருந்து எப்போதும் சட்டைப் பையில்தான்.

"ஏன் மாப்ள இத்தனை நாளா சொல்லல?" என்று தன்மையாகத்தான் கேட்டேன்.

"சொன்னா அந்தச் சந்தோஷம் போயிருமே மாமா" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனான்.

விசிறியை அணைத்துவிட்டுக் கதவைத் தாழிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் தட்டினான். "மாமா, கதவு மாட்டிக்கிச்சு போல. கொஞ்சம் பாருங்க." நான்தான் பூட்டினேன் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. பிறகு இருமல். பிறகு மருந்தைக் கேட்டான். அவன் சட்டை கசங்கியிருந்தது. எடுத்து மடித்து வைத்தேன். சத்தம் அடங்கியதும் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். விபத்து என்றார்கள். சுவிட்சை அணைத்தது யார் என்று நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள். கேட்டதும் சொல்லிவிட்டேன். பொய் எனக்கு ஆகாது.

நேற்று மனைவி பார்க்க வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்: "அவன் உங்களைக் கூப்பிட்டானா?"

கூப்பிட்டான் என்றேன். கடைசிவரை மாமா, மாமா என்றுதான் கூப்பிட்டான். ஆனால் ஒருமுறைகூட மன்னிப்புக் கேட்கவில்லை, சார்.