ஆறு வண்டுகளும் பதினேழு சுருட்டுகளும்

சுருட்டைக் காதோரம் வைத்து உருட்டிப் பார்ப்பவர்களை நம்ப வேண்டாம். அதில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. நல்ல சுருட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து மெதுவாக அழுத்த வேண்டும். கொஞ்சம் அமுங்கி, பிறகு பழைய உருவத்துக்கே திரும்ப வேண்டும். அமுங்காவிட்டால் காய்ந்துவிட்டது என்று பொருள். திரும்பாவிட்டால் ஈரம் அதிகம். மஞ்சளை உடைத்துப் பார்த்து வாங்கலாம். சுருட்டை உடைக்க முடியாது என்பதால் விரலைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

சம்பந்தி அவர்களே, கல்யாணம் நின்றுபோனதைப் பற்றி எழுதச் சொன்னால் இவன் சுருட்டைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். இரண்டும் ஒரே விஷயம்தான். வரிசைப்படி சொன்னால் புரிந்துவிடும்.

என்னை உங்களுக்குத் தெரியும். பங்காரு, பூஜிதாவின் தாய்மாமன், அவள் அம்மா ராமாமணியின் அண்ணன். நாற்பது வருடம் ஈரோட்டில் மஞ்சள் வாங்கி விற்றவன். உங்கள் மகன் யஷ்வந்துக்கும் பூஜிதாவுக்கும் நிச்சயமான கல்யாணம், நீங்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து அனுப்பிய மஞ்சளில் வண்டு இருந்ததால் நின்றது என்று இரண்டு குடும்பமும் நினைத்துக்கொண்டிருக்கிறது. அது சரியில்லை. அந்த வண்டு என்னுடையது.

பூஜிதாவின் அண்ணன் அபிலாஷ் ஸ்பெயினில் வேலை பார்க்கிறான். இந்த வருடம் லீவில் வந்தபோது தன் அப்பாவுக்கு ஒரு பெட்டி கியூபா சுருட்டு கொண்டுவந்தான். இருபத்தைந்து. எல்லாம் கையால் சுருட்டியவை. உள்ளே நீளநீளமான இலைகள், அவற்றைச் சேர்த்துப் பிடிக்க ஒரு இலை, அதற்குமேல் போர்வை மாதிரி ஒரு மெல்லிய இலை. அந்த மேலிலையில் நரம்பு தெரியக் கூடாது. எண்ணெய் தடவியதுபோல ஒரு மினுமினுப்பு இருக்க வேண்டும். இருந்தது.

என் தங்கை கணவர் வேங்கடசாமி தங்கமான மனிதர். மில்லை நன்றாக நடத்துகிறார். நூல் அறுந்துபோகாமல் இருக்க மில்லுக்குள் எத்தனை சதவீதம் ஈரப்பதம் வேண்டும் என்று அவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அப்படிப்பட்டவர் அந்தச் சுருட்டுகளை ஃபிரிட்ஜில், இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

நான் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கோயம்புத்தூரில் அவர்கள் வீட்டுக்குப் போவது வழக்கம். முதல் சுருட்டை அவர்தான் கொடுத்தார். தன்னுடையதைப் பாக்குவெட்டியால் நறுக்கி, கேஸ் அடுப்பில் நீட்டிப் பற்றவைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். புகையை நெஞ்சு வரை இழுத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"என்னங்க மச்சான், இதுக்குப் போயி இத்தனை பேரும் புகழுமா? ஒரே கமறலுங்க" என்றார்.

"உள்ள இழுக்கக் கூடாதுங்க மாப்ள. வாயிலயே வெச்சிருந்து உட்டுறோணும்."

"அப்பறம் எதுக்குங்க பத்த வெக்கறது?"

இதற்குப் பதில் சொல்ல ஒரு மணி நேரம் வேண்டும். நான் சொல்லத் தொடங்கினேன். அவருக்கு போன் வந்துவிட்டது.

நான் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். நுனியில் ஒரு தீக்குச்சியின் தடிமனுக்கு மட்டும் நறுக்கினேன். பற்றவைக்கும் முன் ஒருமுறை வெறுமனே இழுத்தேன். வைக்கோல் போரும் உலர்ந்த திராட்சையும் வந்தன. பிறகு சுடரில் படாமல், சுடருக்கு மேலே சுற்றிச்சுற்றிக் காட்டினேன். முதல் மூன்றில் ஒரு பங்கு மரமும் பாலும். நடுப்பங்கில் வறுத்த காப்பிக்கொட்டை, புதுச் செருப்பின் தோல். கடைசிப் பங்கில் மிளகு. நிமிடத்துக்கு ஒரு இழுப்புக்குமேல் கூடாது. அவசரப்பட்டால் சூடேறிக் கசந்துவிடும். முடிந்ததும் நசுக்கக் கூடாது. தானாக அணையும்படி வைத்துவிட வேண்டும். அறுபத்தொரு வயதில் எனக்கு ஒரு புதிய நாக்கு கிடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அதன் பிறகு வேங்கடசாமி செய்தவற்றைப் பட்டியலிட விருப்பமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்தியூர்ச் சந்தையில் குதிரைத் தரகர் ஒருவருக்கு அவர் ஒரு சுருட்டைக் கொடுத்தார். தரகர் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, "ஒண்ணும் ஏறலீங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். இதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன்.

சுருட்டுகளைக் காப்பாற்ற முதலில் நேர்வழியில்தான் முயன்றேன். தச்சரைப் பிடித்து, சுருட்டு வைக்க ஏற்ற சந்தன வேம்பு மரத்தில் ஒரு பெட்டி செய்யச் சொன்னேன். மில்லிலிருந்து ஈரப்பத மீட்டர் ஒன்றை வாங்கி உள்ளே பொருத்தினேன். அறுபத்தெட்டு சதவீதம், ஒரு கோடு கூடக் குறையாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, வெயில் படாத சாமான் அறையில் வைக்கச் சொன்னேன். அப்போது மீதம் பதினேழு.

பிறகு நிச்சயதார்த்தம் வந்தது. நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். எங்கள் குடும்பத்தில் கல்யாண வேலை மஞ்சள் இடிப்பதில்தான் தொடங்கும். அதற்கான மஞ்சளை மாப்பிள்ளை வீடு தரும். நீங்கள் கொண்டுவந்த விரலி மஞ்சளை அன்றே பார்த்தேன். முதல் தரம். ராமாமணி அதைத் துணிப்பையோடு சாமான் அறையில் வைத்தாள்.

அன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வேங்கடசாமி உங்களிடம் சொன்னது நினைவிருக்கும்.

"கல்யாணத்தன்னைக்கு பீடாத் தட்டுல இந்தச் சுருட்டையும் வெச்சுப்போடலாமுங்க சம்பந்தி. வந்தவங்க ஆளுக்கொண்ணு எடுத்துக்கட்டும்."

நீங்கள் நல்ல யோசனை என்றீர்கள். உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் பதினேழு பேர் ஆளுக்கு இரண்டு இழுப்பு இழுத்து, இருமி, ரசம் ஒழுகும் இலையில் அவற்றை நசுக்குவது கண்முன்னால் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு ஈரோட்டிலிருந்து கோயம்புத்தூர் வரும்போது, கழித்துப்போட்ட பழைய மூட்டையிலிருந்து ஆறு வண்டுகளை மாத்திரை டப்பாவில் எடுத்து வந்தேன். மஞ்சளைத் தின்னும் அந்தச் சின்னப் பழுப்பு வண்டு புகையிலையையும் தின்னும். இது பலருக்குத் தெரியாது. வளர்ந்த வண்டு அதிகம் சாப்பிடாது என்றாலும், வழியில் பசிக்கக் கூடாது என்று ஒரு துண்டு மஞ்சளும் போட்டிருந்தேன். செத்த வண்டையே போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். செத்த வண்டை வைத்துப் பயம் காட்டுவது ஏமாற்று வேலை. எனக்கு அது பழக்கமில்லை.

ஆறையும் சுருட்டுப் பெட்டிக்குள் விட்டேன். ஒரு வாரம் கழித்து எல்லோர் முன்னாலும் பெட்டியைத் திறந்தேன். ஒரு வண்டு மேலிலையின் மீது நடந்துகொண்டிருந்தது. வேங்கடசாமி இரண்டடி பின்வாங்கினார்.

"இது போச்சுங்க மாப்ள. நான் கொண்டுபோயி எல்லாத்தையும் எரிச்சுப்போடறேன்."

"எரிச்சுப்போடுங்க மச்சான். கல்யாணத்துக்கு வெறும் பீடாவே போதுமுங்க."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். எரித்துக்கொண்டுதான் இருந்தேன், ஒவ்வொன்றாக. அதற்குமுன் வண்டை ஒழிக்க வேண்டும். இரட்டைப் பையில் கட்டி ஒரு நாள் ஃபிரிட்ஜில், மூன்று நாள் ஃப்ரீசரில், மறுபடி ஒரு நாள் ஃபிரிட்ஜில். நேராக வெளியே எடுத்தால் மேலிலை வெடித்துவிடும். எடுத்துச் செத்த வண்டுகளை எண்ணினேன். நான்கு.

வேங்கடசாமி அந்த வாரத்தில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சரியாக மூடாமல் போயிருக்கிறார்; மீதி இரண்டும் பக்கத்திலிருந்த மஞ்சள் பைக்குப் போய்விட்டன. இந்த விஷயத்தில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை யாரும் பேசுவதில்லை.

ஒரு பெண் வண்டு நூறு முட்டை வரை இடும். நம் ஊர் வெயிலில் முட்டை வண்டாக நாற்பது நாள். நிச்சயதார்த்தத்துக்கும் மஞ்சள் இடிப்புக்கும் நடுவில் ஐம்பத்தொரு நாள். இந்தக் கணக்கை அன்றே போட்டுவிட்டேன். சொல்லியிருந்தால் பையை வெயிலில் காயவைத்திருப்பார்கள், எல்லாம் சரியாகியிருக்கும். கூடவே வண்டு எப்படி வந்தது, எரித்த சுருட்டின் சாம்பல் எங்கே என்ற பேச்சும் வந்திருக்கும். ஐந்தாவது வாரம் அந்தப் பைக்கு அடியில் லேசாக மஞ்சள் பொடி சிந்தியிருந்ததைப் பார்த்தேன். துடைத்துவிட்டேன். கல்யாண வீடு சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா.

மஞ்சள் இடிப்பு அன்று நடந்தது உங்களுக்கே தெரியும். உரலுக்கு முன்னால் ராமாமணி பையைக் கவிழ்த்தாள். மஞ்சள் முழுக்க ஊசி குத்தியதுபோல ஓட்டை. வண்டுகள் நாலாபக்கமும் நடந்தன. உங்கள் வீட்டம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"நானே உக்காந்து பொறுக்கி எடுத்ததுங்க. ஒரு ஓட்டை கிடையாதுங்க" என்றார்கள். அது உண்மை.

"நாங்க ஒண்ணும் சொல்லலீங்களே. வண்டு எங்கிருந்து வந்துச்சுன்னுதான் கேக்கறமுங்க" என்றார் வேங்கடசாமி.

"அப்ப எங்க ஊட்டுல இருந்து வந்துச்சுங்கறீங்க" என்றீர்கள் நீங்கள்.

"அதை நான் எப்படிங்க சொல்லுவேன்? மச்சான் இருக்காருங்க. நாப்பது வருசமா மஞ்சள் பாத்தவருங்க. அவரே சொல்லட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒரு விரலியைக் கையில் எடுத்தேன்.

"இது வண்டு உள்ள போன ஓட்டை இல்லீங்க. வெளிய வந்த ஓட்டை" என்றேன்.

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. எந்த விவசாய அதிகாரியிடமும் கேட்டுக்கொள்ளலாம். உள்ளேயே இருந்து வந்த வண்டு என்றால் மேட்டுப்பாளையத்திலிருந்தே வந்திருக்கிறது என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். அந்த முடிவு அவர்களுடையது.

"பழைய சரக்கை அனுப்பற அளவுக்கு நாங்க ஒண்ணும் தாழ்ந்து போயிரலீங்க. கெளம்பறமுங்க."

"காப்பி குடிச்சுட்டுப் போங்க."

"வேண்டாமுங்க."

"ஆறிப்போயிருமுங்க."

"ஆறட்டுமுங்க."

'போயிட்டு வாரோம்' என்று சொல்லாமல் படியிறங்கினீர்கள். நம் பக்கத்தில் இதைவிடப் பெரிய சண்டை கிடையாது.

கல்யாணம் குறித்திருந்த நாளில் நான் என் வீட்டில்தான் இருந்தேன். தாய்மாமன் என்ற முறையில் அந்த முகூர்த்த நேரத்தை எப்படியாவது மதிக்க வேண்டும் என்று தோன்றியது. ஒன்பதரைக்குப் பற்றவைத்தேன். காற்று இல்லை. சாம்பல் ஓர் அங்குலத்துக்குமேல் உதிராமல் நின்றது. நீள இலையால் சுருட்டியதற்கு அதுதான் அடையாளம். அன்று நடுப்பங்கில் முதல்முறையாகக் கோகோ கிடைத்தது. கெட்டிமேளம் கொட்டும் நேரம் அது.

போன ஞாயிறு பூஜிதா சொல்லாமல் வந்துவிட்டாள். அவள் வேளாண் கல்லூரியில் பூச்சியியல் படித்தவள் என்பதை நான் மறந்திருந்தேன். வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"மாமா, இது எரிச்சுப்போட்டதாச் சொன்ன சுருட்டுங்களா?"

"எரிஞ்சுட்டுத்தான் இருக்குது கண்ணு."

எதிரில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே ஒரு வண்டு.

"இதுக்குப் பொகையில வண்டுன்னு இன்னொரு பேரு இருக்குதுங்க மாமா. மேட்டுப்பாளையத்து மஞ்சள்ல வரலீங்க, சுருட்டுலதான் வந்துச்சுன்னு நெனச்சு வந்தேன். சுருட்டுக்கு எப்படி வந்துச்சுங்க?"

"நான் கார்ல கூட்டிட்டு வந்தேன் அம்மணி."

"எத்தனை?"

"ஆறு."

"பொண்ணு எத்தனை?"

எவ்வளவு சரியான கேள்வி பாருங்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன என்றேன். அவள் அழவில்லை. யஷ்வந்துக்கு வெள்ளிக்கிழமை பொள்ளாச்சியில் பெண் பார்க்கப் போகிறார்களாம் என்று மட்டும் சொன்னாள். அவன் இன்னும் தினமும் இவளுக்கு போன் செய்கிறானாம். பிறகு எழுந்து, பெட்டியை மூடி, கக்கத்தில் வைத்துக்கொண்டாள். உள்ளே ஒன்பது இருந்தன.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். வண்டைக் கொண்டுவந்தது நான். அது தப்பிப் போனது தெரிந்தும் பேசாமல் இருந்தது நான். உங்கள் வீட்டம்மா தலைகுனிந்து நின்றபோது சும்மா இருந்ததும் நான். உங்கள் மஞ்சளில் குற்றம் இல்லை. நாற்பது வருடத்தில் நான் பார்த்த மிக நல்ல விரலிகளில் அது ஒன்று. வேங்கடசாமியும் ராமாமணியும் உங்களிடம் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருக்கிறார்கள். பெண்ணுக்கும் பையனுக்கும் விருப்பம் இருக்கிறது. நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

என் மனசாட்சிதான் இதை எழுத வைத்தது. வேறு காரணம் எதுவும் இல்லை. பூஜிதா அந்த ஒன்பதையும் கோயம்புத்தூரில் அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டு, இந்தக் கடிதத்தோடு உங்கள் கூடத்தில் நிற்கிறாள். நீங்கள் சரி சொன்னதும் ராமாமணிக்கு போன் செய்வாள், ராமாமணி அவற்றை இறக்கிவிடுவாள். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஒரு பெண்ணின் வாழ்க்கை என்பதால் மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்று மேகமே இல்லை. பதினொன்றரைக்குமேல் மேலிலை தாங்காது.