சிவப்புக் கட்டம்

பனச்சமூடு பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு இளைஞர்கள். ஒருவன் சொன்னதைக் கேட்டதும் என் காது நீண்டது.

"எலே, உனக்க சிவப்பு நிறத்தால ஒரே நாள்ல ரெண்டு கல்யாணம்."

"நான் என்னல செய்தேன்?"

"மண்டபத்துக்குக் கம்ப்யூட்டர்ல புக்கிங் அட்டவணை செய்து குடுத்தோம்லா? புக் ஆன நாளுக்க கட்டத்துக்கு சிவப்பு அடிச்சது நீயாக்கும். மேனேஜர் அண்ணன் அத காலண்டர் மாதிரி லீவு நாளு, மண்டபம் சும்மா கிடக்குன்னு நினைச்சு இன்னொரு கல்யாணக் கூட்டருக்கும் குடுத்திட்டாரு."

"அய்யோ! அடி உண்டா?"

"இல்ல மக்கா. ஒண்ணு காலைல முகூர்த்தம். மத்தது சர்ச்சுக் கல்யாணம், சாயங்காலம் விருந்து. ரெண்டும் ஜோரா நடந்தாச்சு."

"அப்போ தப்பிச்சோம்."

"எங்கல தப்பிச்சோம்? அண்ணனுக்கு ருசி பிடிச்சுப்போச்சு. இனி எல்லாக் கட்டத்தையும் குறுக்க கோடு கீறி, காலைக்கும் சாயங்காலத்துக்கும் ரெண்டு நிறம் அடிச்சுக் குடுக்கணுமாம்."