சிலிண்டர் காலியாயிடுச்சு

அண்ணன்: தூக்குமா, தூக்காதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க தம்பி.

சிலிண்டர்காரர்: எதை சார்? நான் இன்னும் வண்டியிலருந்து சிலிண்டரை இறக்கவே இல்ல...

அண்ணன்: ஆளை. இந்த ஹீலியம் ஒரு ஆளைத் தூக்குமா?

தங்கை: அண்ணா, அவரை முதல்ல உள்ள வர விடு. சாயங்காலம் ஹால்ல பிறந்தநாள் விழா. வாசலுக்குப் பலூன் வளைவே இன்னும் கட்டல.

அண்ணன்: வளைவு எங்கயும் ஓடிடாது. நீ பேசாம பலூனுக்கு முடிச்சு போடு.

சிலிண்டர்காரர்: எதுக்கு சார் திடீர்னு...

அண்ணன்: மாசத்துக்கு ஒரு சிலிண்டர் தாராளமாப் போதும், எங்க பலூன் கடைக்கு. இப்ப வாராவாரம் உங்க வண்டி வாசல்ல நிக்குது. கேஸ் எங்க போச்சுன்னு இவளைக் கேட்டா, பலூனைக் கட்டிக்கிட்டுப் பறக்க முடியுமான்னு சோதிச்சுப் பார்த்தாளாம்!

சிலிண்டர்காரர்: பறக்கவா?

தங்கை: ஆமா, சோதனை. உங்ககிட்டகூட சொன்னேனே... ஞாபகம் இல்ல?

சிலிண்டர்காரர்: ஆங்... ஆமா ஆமா. சொன்னாங்க சார்.

அண்ணன்: பறந்தாளா?

சிலிண்டர்காரர்: கொஞ்சம்...

தங்கை: இல்ல!

சிலிண்டர்காரர்: ...கொஞ்சம்கூட இல்லன்னு சொல்ல வந்தேன்.

அண்ணன்: பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். நீங்க தொழில் தெரிஞ்சவர். தூக்குமா?

சிலிண்டர்காரர்: தூக்கும் சார். ஆனா ஒரு பலூன் தூக்குறது பத்து கிராம், அவ்வளவுதான். ஆளைத் தூக்கணும்னா ஆயிரக்கணக்குல வேணும். ஒரு சிலிண்டரை முழுசா அடைச்சாலும் ஒரு குண்டுப் பூனைதான் மேல போகும். மேடம் மாதிரி ஆளுக்கு...

தங்கை: மேடம் மாதிரின்னா?

சிலிண்டர்காரர்: அதாவது... எலும்பும் தோலுமா இருக்கிறவங்களுக்கே ஒரு வண்டி நிறைய சிலிண்டர் வேணும்னு...

அண்ணன்: யாரு, இவளா எலும்பும் தோலும்? போன வாரம் இவ ஏறின ஸ்டூல் என்னாச்சுன்னு கேளுங்க.

தங்கை: அது ஏற்கெனவே உடைஞ்ச ஸ்டூல்!

அண்ணன்: இரு, ஹால்லருந்து போன்... ஆங், சொல்லுங்க சார்... கிளம்பிட்டோம் சார், பாதி வழி வந்தாச்சு... ஆமா ஆமா. வெச்சிடறேன். ம், எங்க விட்டேன்?

தங்கை: ஸ்டூல்ல.

அண்ணன்: ஒரு சிலிண்டர் பூனைக்குத்தான் காணும். அப்போ இவ பறக்கப் பார்த்தது பொய். ஒண்ணு, எங்கயோ கசியுது. இல்லன்னா, தம்பி, நீங்க பாதிதான் நிரப்பிக் கொண்டு வர்றீங்க.

தங்கை: அண்ணா! அவரைப் போய்...

அண்ணன்: பார், பலூன் வெடிச்சிடுச்சு. அழுத்தாதேன்னா கேக்கறியா?

தங்கை: நீ பேசுற பேச்சுக்கு வெடிக்காம என்ன செய்யும்?

அண்ணன்: வேற கம்பெனிகிட்ட பேசிட்டேன். நாளையிலருந்து அவங்க வண்டிதான் வரும். தம்பி, இதை இறக்க வேண்டாம், அப்படியே எடுத்துட்டுப் போங்க.

தங்கை: எடுத்துட்டுப் போயிட்டா... அப்புறம் பலூனுக்கு?

அண்ணன்: ஊது. உனக்குத்தான் வாய் காது வரைக்கும் இருக்கே.

சிலிண்டர்காரர்: சார்... கம்பெனியை மாத்துறது உங்க இஷ்டம். ஆனா பாதிதான் நிரப்பினேன்னு மட்டும் சொல்லாதீங்க.

தங்கை: வேண்டாம்... சொல்லாதீங்க.

அண்ணன்: எதைச் சொல்ல வேண்டாம்? நீ ஏன் தலையைக் குனியுற?

சிலிண்டர்காரர்: இங்கருந்து நான் எடுத்துட்டுப் போன சிலிண்டர் காலியே இல்ல சார்.

அண்ணன்: என்னது?

சிலிண்டர்காரர்: வண்டியில ஏத்துறதுக்கு முன்னாடி வால்வை லேசாத் திறந்து பார்ப்போம், அது எங்க வழக்கம். காலின்னா சத்தமே வராது. இது முதல் தடவையே பாம்பு மாதிரி சீறுச்சு. முக்கால்வாசி அப்படியே இருந்தது.

அண்ணன்: தெரிஞ்சும்?

சிலிண்டர்காரர்: தெருவை ஒரு சுத்து சுத்தி, ஒரு டீயைக் குடிச்சுட்டு... அதே சிலிண்டரைக் கொண்டுவந்து இறக்கிட்டேன். ஒவ்வொரு தடவையும் அதேதான். இப்ப வண்டியில இருக்கிறதும் அதேதான். அதுக்குப் பில்லே போடல சார், சத்தியமா.

அண்ணன்: ஏன்யா, வந்தப்பவே "இது காலி இல்லம்மா"ன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?

சிலிண்டர்காரர்: சொல்லியிருந்தா ஒரு தடவையோட போயிருக்கணும். "முழு சிலிண்டர் வண்டியில இல்ல, போய்க் கொண்டு வர்றேன்"னா... ஒரே நாள்ல ரெண்டு தடவை வரலாம்ல.

அண்ணன்: பூனையைத் தூக்குற கேஸை வெச்சுக்கிட்டு, ரெண்டு பேருக்கும் ஒரு மாசமா கால் தரையில பாவல!

சிலிண்டர்காரர்: மன்னிச்சிடுங்க சார். நான் கிளம்பறேன். புதுக் கம்பெனிக்காரங்க வரும்போது வால்வை ஒரு தடவை...

அண்ணன்: எந்தப் புதுக் கம்பெனி?

சிலிண்டர்காரர்: நீங்கதானே இப்போ...

அண்ணன்: அப்படிச் சொன்னாலாவது ரெண்டுல ஒண்ணு வாயைத் திறக்குமான்னு பார்த்தேன். கழுத்துல சிவப்பு ரிப்பனோட ஒரே சிலிண்டர் போகுது, வருது, போகுது, வருது... எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?

சிலிண்டர்காரர்: ரிப்பனா? அது கிடங்குல யாரோ கட்டினதுன்னு நினைச்சேன்...

தங்கை: நான்தான் கட்டினேன். முதல் தடவை வால்வு சீறினதும் நீங்க ஒண்ணுமே கேக்காம ஏத்திட்டுப் போனதை ஜன்னல்லருந்து பார்த்துட்டேன். எனக்கு உயிரே போச்சு. அடுத்த தடவை ரிப்பன் கட்டி அனுப்பினேன்... அதே ரிப்பன் திரும்பி வந்தது. அதுக்கப்புறம் நீங்க வாயைத் திறப்பீங்கன்னு வாராவாரம் காத்துக் கிடந்தேன். இப்பவும் ஒண்ணும் சொல்ல வேண்டாம், சிலிண்டரை இறக்குங்க. நாளைக்குக் காலையில போன் பண்ணி காலின்னுதான் சொல்லுவேன்.