தனிப் பொட்டலம்

நயோமி: அந்தப் பொட்டலத்தை மட்டும் ஏன்க்கா தனியா கட்டுறீங்க? குழியில சுடுகல்லுக்கு நடுவுல எல்லாம் ஒண்ணாத்தானே வேகும்.

யுவானா: எது என்னோடதுன்னு தெரியணும்ல, பாஸ்டரம்மா.

நயோமி: கிழங்குல பேர் எழுதியா திங்கப் போறோம்?

யுவானா: சிரிக்காதீங்க. ஈஸ்டர் விருந்து. என் கிழங்கு உள்ள கிடக்குன்னு தெரிஞ்சா பன்னிக்கறியைக்கூடத் தொடாம போயிடுவாங்க.

நயோமி: யாரு சொன்னா?

யுவானா: யாரு சொல்லணும்... டெல்மாவோட பையன் காய்ச்சல்ல செத்தப்போ, நான்தான் சூனியம் வெச்சேன்னாங்க. இரும்பைக் காய்ச்சி முதுகுல வெச்சாங்க. நீங்க அப்போ இந்த ஊருக்கு வரலை.

நயோமி: ...தெரியும்க்கா.

யுவானா: குண்டியாவா டவுன் ஆஸ்பத்திரியில புண்ணு ஆறிடுச்சு. ஆனா இன்னிக்கு வரைக்கும் என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கினவங்க இல்ல.

நயோமி: அதான் திருவிருந்துக்கு முன்னாடியே கோயிலை விட்டு நழுவிடுறீங்களா?

யுவானா: நான் தொட்ட தட்டை அடுத்தவங்க எப்படித் தொடுவாங்க... விடுங்க. குழி மேல இலையைப் போடுங்க, கல்லு ஆறுது.

நயோமி: ஆறட்டும். போன வாரம் எங்க தோட்டத்துல பன்னி பூந்துச்சே...

யுவானா: ஊரே சிரிச்சுது. பாஸ்டர் ஒத்தைச் செருப்போட துரத்தினாராம்.

நயோமி: ஒரு கிழங்கு மிஞ்சல. அப்போ போன ஞாயித்துக்கிழமை திருவிருந்துல ரொட்டிக்குப் பதிலா எந்தக் கிழங்கைப் பிட்டிருப்பாரு?

யுவானா: எனக்கெப்படித் தெரியும்.

நயோமி: சனிக்கிழமை விடியக்கால எங்க வாசல்ல ஒரு பை நிறைய வெச்சுட்டு ஓடினது யாரு?

யுவானா: ...பாத்துட்டீங்களா. நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குள்ள சாப்பிடுவீங்கன்னுதான்... அதையா மேசையில வெச்சாரு? யாருக்கும் சொல்லாமலா?

நயோமி: சொல்லித்தான். "ஊரே பழி சொல்லி, சிலுவையில சாகடிக்கப்பட்டவரோட மேசை இது. கிழங்கு யுவானா தோட்டத்துது"ன்னாரு.

யுவானா: யாரும் தின்னிருக்க மாட்டாங்க.

நயோமி: நாலஞ்சு பேரு எழுந்து வெளிய போனாங்க. மத்தவங்க குனிஞ்ச தலை நிமிரல.

யுவானா: டெல்மா?

நயோமி: அவதான் முதல்ல வந்தா. கை நீட்டினா, தின்னா.

யுவானா: பொய். இத்தனை நாள்ல ஏன் எங்கிட்ட சொல்லல?

நயோமி: தானே வந்து சொல்றேன்னா. இன்னும் வாய் வரல போல.

யுவானா: பாஸ்டர் பாக்கறாரேன்னு... பயத்துல தின்னிருப்பா.

நயோமி: அப்படின்னா இன்னொரு துண்டு ஏன்க்கா கேட்டு வாங்கிட்டுப் போனா, வீட்டுல இருக்கற சின்ன மகளுக்கு?