பனிமூட்டத்தில் எடுத்த பெரட்டு

சிரிப்புக் கதைதான், சத்தியமா. வயிறு வலிக்கச் சிரிக்கலாம். ஆனால் நான் சொல்லும்போதுதான் சிரிக்கணும். அதற்கு முன்னால் எவனாவது பல்லைக் காட்டினால் அங்கேயே நிறுத்திவிடுவேன், ஆமா.

மேற்கு மலையில் ரயிலும் ரோடும் ஏறாத காலம். அங்கே கரடிப்பள்ளம் என்று ஒரு புதுத் தேயிலைத் தோட்டமாம். அதற்கு உடையப்பன் என்று ஒரு கங்காணியாம். கூலி ஆட்களைக் கூட்டி வருவதும் அவர்தான், அதட்டி வேலை வாங்குவதும் அவர்தான். நம்ம ஊரில் மழை இல்லாமல் புளியங்கொட்டையை வறுத்துத் தின்ற வருசம், வெற்றிலையை மென்றுகொண்டு வந்து நின்றாராம். குரல் எப்படி? பானைக்குள் தலையை விட்டுப் பேசினால் வருமே, அப்படி. “ஒரே ஒரு மழைக்காலந்தாம்ப்பா. கொழுந்தைக் கிள்ளுங்க, கஞ்சியக் குடிங்க, ஊரப் பாத்துத் திரும்பி வந்துருங்க.” ஊரே மலை ஏறிப் போச்சாம்.

மூணு மழை முடிஞ்சும் ஒருத்தரும் இறங்கலையாம். இறங்கப் பார்த்தவனை நாயை விட்டுப் பிடித்து, பெரட்டுக் களத்துக் கம்பத்தில் கட்டி அடித்தாராம். பெரட்டு என்றால், காலையில் தப்பு மேளம் அடித்து ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது.

இந்தக் கங்காணிக்கு எல்லாத்திலும் சந்தேகமாம். கஞ்சி தண்ணியா இருந்தால் சமையல்காரன் மேல் சந்தேகம். கெட்டியா இருந்தால் அதைவிடச் சந்தேகம். பொண்டாட்டி தூக்கத்தில் சிரித்தால் எழுப்பி உட்கார வைத்து, “யாரப் பாத்துச் சிரிச்ச?” என்று கேட்பாராம். லயத்தில், அதான் கூலிகளின் வரிசை வீட்டில், நாலு பேர் ஒண்ணாத் தும்மினால் அது ஏதோ சாடை என்று நினைப்பாராம்.

ஒருத்தி மேல் மட்டும் சந்தேகம் இல்லை. இருளாயி. பதினஞ்சு வயசு இருக்கும். யார் குரலையும் அப்படியே எடுப்பாளாம். ஒருநாள் கங்காணி குரலில் அவர் நாய்களை அதட்டினாள். நாய்கள் வாலைக் குழைத்துக்கொண்டு வந்து நின்றன. பின்னாலேயே கங்காணியும் வந்து நின்றாராம். அன்றைக்குக் கம்பத்தில் விழுந்த அடியில் அவளுக்குப் பேச்சே நின்றுபோச்சாம். அதற்கப்புறம் பெரட்டில் பேரைக் கூப்பிட்டால் கையைத் தட்டுவாள். டப். அவ்வளவுதான். “அடிச்சே ஊமையாக்கிட்டேம்ல” என்று கங்காணி பெருமைப்பட்டுக்கொள்வாராம்.

ஏய், யாருடா அது, அதுக்குள்ள சிரிக்கிறது?

ஆடி மாசம் லயத்துக்குள் விஷக்காய்ச்சல் புகுந்ததாம். மருந்தும் இல்லை, கீழே போகவும் விடவில்லை. செத்தவர்களைக் கங்காணியின் ஆட்கள் மூக்கைக் கட்டிக்கொண்டு வந்து தேயிலைச் செடிகளுக்கு நடுவிலேயே புதைத்தார்களாம். இருளாயியின் அப்பன் சுடலையையும் அப்படித்தான். அப்பவும் வேலை நிற்கலை. “நிக்க முடிஞ்சவன் பூரா பெரட்டுக்கு வா!” ஆனால் அவர் கிட்ட வரமாட்டார். களத்துக்கு மேலே ஒரு பாறை. அதில் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு நின்று பேர் கூப்பிடுவாராம். ஆடிப் பனியில் முகம் எங்கே தெரியும்? குரல்தான் கணக்கு.

அப்படி ஒருநாள் விடியுமுன்னே லயமே கிளம்பிவிட்டதாம். காய்ச்சல்காரர்களைக் கம்பளியில் தூளி கட்டித் தூக்கிப் போனதால் நடை மெதுவாம். பனி விலகுமுன் கடைசி ஆளும் ஆற்றைத் தாண்டி, கயிற்றுப் பாலத்தை அறுத்துவிட்டால் உயிர் தப்பியது. அதற்குள் கங்காணிக்குத் தெரிந்தால் நாய்கள் வரும். ஒருத்தி மட்டும் களத்தில் நின்றாளாம்.

கங்காணி பாறையில் ஏறினார். மூக்குத் துணியை விலக்கி மோந்தார். ஏதோ சரியில்லையே.

“எங்கடா அடுப்புப் புகை?”

“வெறகு நனஞ்சு போச்சு சாமி.” பல்லில்லாத குரல், கிழவன் அம்மாசி.

“நீ இருக்க. சரி. வெயிலாண்டி!”

“இருக்கேன்!”

“மாகாளி!”

“இந்தா, இருக்கேன்ல.”

குரலெல்லாம் ஏன் இடப்பக்கமிருந்தே வருது? கங்காணிக்கு உறுத்தியது. “தள்ளித் தள்ளி நில்லுங்கடா!” அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்ததாம். வெறுங்கால், ஈரப்புல், எலி ஓடுகிற சத்தம்கூட இல்லை.

அப்பவும் உறுத்தல் போகலை. “ஏ மாகாளி, ஒம் புருசன் வெயிலாண்டி நேத்து ஒன்னய அடிச்சானாமே?”

“அவனா? என்னையா? கைய ஒடிச்சு அடுப்புல வச்சிர மாட்டேன்?”

“நீ ஒடிக்கிற வரைக்கும் எங்கை பூப்பறிக்குமா?”

“கொழுந்து பறிச்சே தேஞ்ச கை, பூவுல பறிக்கப் போவுதாம் பூவு!”

நடுவில் அம்மாசிக் கிழவன். “காலங்காத்தால... க்ஹ்ஹூம்... ரெண்டு சனியனும்... க்ஹ்ஹூம்...”

கங்காணி துணிக்குள் சிரித்தாராம். நீங்க சிரிக்காதீங்க, நேரம் வரலை. ஏன்னா அடுத்து அவர் ஒரு பொறி வெச்சார். வரிசையை விட்டுவிட்டுச் சட்டென்று கூப்பிட்டார்: “சுடலை!”

ஒரே ஆள் எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால், வாய்ப்பழக்கத்தில் இதற்கும் ‘இருக்கேன்’ வந்துவிடும் இல்லையா?

சத்தமே இல்லை. அப்புறம் ஒரு அழுகை. வாயைப் பொத்தியும் விரலிடுக்கில் வருகிற அழுகை.

அது மட்டும் வேறு யார் குரலும் இல்லையாம். அவளோடதாம்.

“சரி சரி, அழுதது போதும்.” கங்காணிக்கு அப்பதான் நெஞ்சு ஆறிச்சாம். அழுகிறார்கள் என்றால் இருக்கிறார்கள். மிச்சப் பேரையெல்லாம் கூப்பிட்டார், எல்லாரும் இருந்தார்கள். ஊமைக்கு என்ன அவசரம் என்று பாறையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டு, ஒரு சுருட்டும் பிடித்து முடித்துவிட்டு எழுந்தாராம்.

“இருளாயி!”

டப் வரலை.

இருங்க, இருங்க. இங்கே ஒரு விசயம் சொல்லியாகணும். நம்ம ஊர் ஆடிக் கொடைத் திருவிழாவில் வீட்டுவீடாகப் பேர் கூப்பிடும்போது, எவனும் தன் பேருக்குத் தான் குரல் கொடுக்கக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரன்தான் அவனை மாதிரியே பேசி ‘இருக்கேன்’ சொல்லணும் என்று வெச்சிருக்காங்களே, வெளியூர் மாப்பிள்ளைகள் முழிப்பார்களே, அது இதனாலதான். சுடலை என்று கூப்பிட்டதும் மொத்த ஊரும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதும் இதனாலதான். கடைசியில் பூசாரி “இருளாயி” என்பார். உடனே ஊரே பானைக்குள் தலையை விட்ட குரலில்... வேணாம், இப்பச் சொன்னால் கெட்டுப்போகும்.

பாறைக்கு வாங்க. கங்காணி தொண்டை கிழியக் கத்தினார்: “ஏ இருளாயீ!”

ரொம்பக் கீழே, ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்ததாம். அவர் குரலேதான். அதைச் சுற்றி அவர் நாய்களே குஷியாகக் குரைத்தனவாம்.

“இருக்கேன்!”

மலை எதிரொலிக்குது என்று கங்காணி தலையைக்கூட ஆட்டிக்கொண்டாராம். பனி மெல்லக் கிழிந்தது. கம்பம் தெரிந்தது. ஈரப்புல் தெரிந்தது. புல்லில் குறுக்கும் மறுக்குமாக ஒரே ஒரு சோடிக் கால்தடம் தெரிந்தது. கங்காணி வாயில் வெற்றிலைச் சாறோடு அப்படியே நின்றாராம்.

எதிரொலி என்றால், ‘இருளாயி’ என்றல்லவா திரும்பி வரணும்?

இப்பச் சிரிங்க.